அண்ணியின் காயக் கணக்கு

நான் கார் மெக்கானிக். கையைக் கிழித்துக்கொள்ளாமல் ஒரு வாரம் போனால் அந்த வாரம் பட்டறைக்கு வேலையே வரவில்லை என்று அர்த்தம். கட்டை விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால் மற்ற வீடுகளில் "ஐயையோ" என்பார்கள். எங்கள் அண்ணி "எதால?" என்பார். தகரம் என்று சொன்னால் அதோடு விட மாட்டார். எந்தக் கை, எவ்வளவு ஆழம், உள்ளே துரு ஏதாவது தங்கியிருக்கிறதா, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன், பட்டறைக்கு உள்ளேயா வாசலிலா. இத்தனைக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் தானாகவே நின்றுவிடும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முதல்ல பஞ்ச எடுங்க அண்ணி, விசாரணைய அப்புறம் வச்சுக்கலாம் என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

அப்பா அவருக்கு வைத்த பெயர் சென்டிமீட்டர். மாலையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், "சென்டிமீட்டர் வந்தாச்சு, எல்லாரும் கைய மறைச்சுக்கங்க" என்பார். அண்ணி சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். மாமனார் கேலி செய்தால் முகம் தூக்கிக்கொள்ளும் ரகம் இல்லை அவர்.

அவர் வேலைக்கு மெடிக்கல் கோடிங் என்று பெயர். ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மேலே அவசரப் பிரிவில் டாக்டர் ஒரு காயத்தைத் தைத்துவிட்டு நான்கு வரி எழுதுவார். அந்த நான்கு வரி கீழே அண்ணியிடம் வரும். அதைப் படித்து, காயத்துக்கு ஒரு எண், தைத்ததற்கு ஒரு எண், எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு எண் என்று போட்டு அனுப்ப வேண்டும். காப்பீட்டுக்காரர்கள் அந்த எண்களைப் பார்த்துத்தான் பணம் தருவார்கள். இந்த வருஷம் எத்தனை பேர் ஏணியிலிருந்து விழுந்தார்கள் என்று எங்கோ யாரோ கணக்கெடுப்பதும் அவற்றை வைத்துத்தான். அண்ணிக்கு வந்து சேர்ந்ததெல்லாம் வெட்டும் கிழிசலும்.

கல்லூரியில் அவர் படித்தது தாவரவியல். இலையின் விளிம்பு நேராக இருக்கிறதா, பல்பல்லாக இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண். கல்யாணமாகி இங்கே வந்து, பேருந்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துப் பயிற்சியில் சேர்ந்தார். முதல் மாதம் சரியாகச் சாப்பிடவே இல்லை. படிப்பது எழுத்துதான், ஆனால் கண்ணுக்குள் ரத்தம் வருகிறது என்றார். விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தோம். இரண்டாம் மாதம் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஊர் பேர் எதுவும் சொல்ல மாட்டார். காயத்தின் கதையை மட்டும் சொல்வார்.

"இன்னைக்கு ஒருத்தர் கேக் வெட்டப் போய் உள்ளங்கைய வெட்டிக்கிட்டார்."

"அப்புறம் அந்த கேக்க யாரு சாப்பிட்டா?" என்று கேட்டாள் அண்ணியின் மகள். எட்டு வயது. எங்களுக்கு அவள் குட்டி.

"அத டாக்டர் எழுதலயே" என்றார் அண்ணி, நிஜமான வருத்தத்தோடு.

அந்தத் தொழிலின் சட்டதிட்டங்கள் விசித்திரமானவை. ஒரே வகைத் தையல், ஒரே வகை இடம் என்றால் எல்லாக் காயங்களின் நீளத்தையும் கூட்டி ஒரே காயமாகக் கணக்கு வைக்க வேண்டுமாம். சாதாரணத் தையலாக இருந்தால் உச்சந்தலையும் உள்ளங்காலும் ஒரே குடும்பம், முகம் மட்டும் தனிக்குடித்தனம். தோலை மட்டும் தைத்தால் ஒரு விலை, உள்ளே ஒரு அடுக்கு, வெளியே ஒரு அடுக்கு என்று தைத்தால் வேறு விலை. இதையெல்லாம் அவர் சொல்லும்போது அப்பா தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. டாக்டர் நீளத்தையோ ஆழத்தையோ எழுத மறந்துவிட்டால் அண்ணி அவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். அதை அவர்கள் கொயரி என்பார்கள். அந்தக் கொயரியில் பதிலை வைத்துக் கேட்கக் கூடாது. "இரண்டு அடுக்காகத் தைத்தீர்களா?" என்று கேட்டால் தப்பு. "எப்படித் தைத்தீர்கள் என்று தெரிவிக்கவும்" என்றுதான் கேட்க வேண்டும்.

"ஏன் அண்ணி, சுத்தி வளைச்சு? நேரா கேட்டா என்ன?"

"நேரா கேட்டா ஆமான்னுடுவாங்க தம்பி. ஆமான்னு சொல்றதுதான் இருக்கறதுலயே சுலபம். வேலை முடிஞ்சு கிளம்பற நேரத்துல எதக் கேட்டாலும் ஆமாதான்."

வீட்டிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் டப்பா காலியாக இருந்தால் "நீயா தின்னே?" என்று கேட்க மாட்டார். "இது எப்படிக் காலியாச்சு?" என்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அந்தச் சும்மா நிற்பதைத்தான் யாராலும் தாங்க முடியாது. வேறொரு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் வந்து போகும் என் அண்ணன், செய்யாத தப்பையெல்லாம் போனில் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு தையலைக்கூட நேரில் பார்த்ததில்லை. கடலைப் பற்றியே படித்துவிட்டுக் கடலைப் பார்க்காத மாதிரி இருக்கு என்று ஒருமுறை சொன்னார். பார்க்கும் நாள் எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்தே வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே தடாலென்று சத்தம். நல்ல வேளை, அப்பா தாழ்ப்பாள் போடவில்லை. தரையில் கிடந்தார். இடது புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் காது வரை ஓடிக்கொண்டிருந்தது. முகம் கழுவும் தொட்டியின் விளிம்பிலும் ரத்தம். தரை ஈரம். குளியலறைத் தரை வேறெப்படி இருக்கும்?

"வழுக்கிட்டீங்களாப்பா?" என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ம்" என்றார்.

அண்ணி துண்டை மடித்து அழுத்திப் பிடித்தார். கண் காயத்தை விட்டு நகரவில்லை. "நாலரை சென்டிமீட்டர் இருக்கும்" என்று முணுமுணுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அப்பாவைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு அண்ணியின் மருத்துவமனைக்கே போனோம்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா. கையுறை மாட்டிக்கொண்டே "என்ன ஆச்சு தாத்தா?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணி தொடங்கிவிட்டார். வீட்டுக் குளியலறை, ஈரத் தரை, பல் தேய்க்கப் போனபோது வழுக்கி விழுந்தார், தொட்டியின் விளிம்பில் மோதினார், இடது புருவத்துக்கு மேல் ஒரே காயம், அழுக்கு இல்லை, மயக்கம் இல்லை, வாந்தி இல்லை. மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நர்ஸா?"

"இல்ல மேடம். கீழ கோடிங்ல இருக்கேன்."

"ஐயோ, அப்ப நான் ஒழுங்கா எழுதணுமே" என்று அவர் சிரித்தார். அண்ணியின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. கீழே இருப்பவரை மேலே இருப்பவர் பார்த்துச் சிரிப்பது அங்கே அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை போலிருக்கிறது.

காகித அளவுகோல் வைத்து அளந்தார்கள். நாலரைதான். ஊசி போட்டு மரத்துப்போக வைத்துத் தைக்கத் தொடங்கியதும் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அண்ணி மேலே மேலே குனிந்துகொண்டே போனார். நர்ஸ் இரண்டு தடவை தள்ளி நிற்கச் சொன்னார். முதலில் உள்ளே கரைந்துபோகும் நூலில் ஒரு அடுக்கு, அப்புறம் மேலே கறுப்பு நூலில் ஒரு அடுக்கு. இத்தனை நாள் ஒரு சொல்லாக இருந்தது கண்ணெதிரே நடப்பதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு அடுக்கா மேடம்?" என்று கேட்டே விட்டார். எழுத்தில் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா கண்ணை மூடியபடியே, "நல்லா பாத்துக்கம்மா, இன்னொரு தடவை வழுக்க என்னால ஆகாது" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

தையல் பிரிக்கும் வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்கு அதுதான் காயத்தைவிடப் பெரிய வலி. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் வீடு வீடாகக் குழந்தைகளை ஏற்றி, மாலையில் வீடு வீடாக இறக்கிவிடுவார். குட்டியும் அதில்தான் போகிறாள். அம்மா போன பிறகு அந்த மனிதரை எழுப்பி, சவரம் செய்யவைத்து, சட்டை மாட்டவைத்தது அந்த வேன்தான். வேறொரு டிரைவர் வந்து சாவியை வாங்கிப் போகும் ஒவ்வொரு காலையும் அப்பா மாடி விளிம்பில் நின்று, அவன் கியர் மாற்றுவதைக் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

தையல் பிரித்தாயிற்று. மறுநாள் முதல் வண்டி எடுக்கலாம். அன்று மாலைதான் நடந்தது இது.

வீட்டு ஆட்களின் கேஸ் சீட்டைத் தொடக் கூடாது என்பது அண்ணியின் அலுவலகத்தில் கண்டிப்பான விதி. அதனால் அப்பாவுடையதை எதிர் மேசைக்காரர் பார்த்தார். வயசானவர், ஒரு காற்புள்ளி இல்லாவிட்டால்கூடத் திருப்பி அனுப்புகிற ஆசாமி. அவர் அன்றைக்கு அண்ணியிடம், "உங்க மாமா சீட்டு முடிஞ்சுதும்மா. ஒரு கொயரிகூடப் போட வேண்டியதில்ல. எல்லாமே இருந்துச்சு. இப்படி ஒரு சீட்ட நான் பாத்ததே இல்ல" என்று பாராட்டினாராம்.

நன்றி என்று சொல்லிவிட்டுத் திரும்பிய அண்ணிக்கு வேலை ஓடவில்லை. இவ்வளவு வருஷத்தில் அவரும் அப்படியொரு சீட்டைப் பார்த்ததில்லை. நிஜமாக அடிபட்டவர்களுக்கு ஏதாவது ஒன்று தெரியாமல்தான் இருக்கும். எதில் இடித்தது என்று தெரியாது, எந்தப் பக்கம் விழுந்தோம் என்று தெரியாது. ஒன்றுமே விட்டுப்போகாத சீட்டு என்றால் பக்கத்தில் இருந்த யாரோ நிரப்பியிருக்கிறார்கள். நிரப்பியது நான்தானே, நான் அங்கே இல்லையே, மயக்கம் இல்லை என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று யோசித்தபடியே பேருந்தில் வந்திருக்கிறார். இதையெல்லாம் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

அவர் வந்தபோது நானும் அப்பாவும் வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தோம். நான் பிரேக் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மறுநாளுக்காக வேனின் இருக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். சீழ்க்கை வேறு. அண்ணி தோள்பையைக்கூட இறக்கவில்லை, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை. குளியலறைல."

"அதான் வழுக்கிட்டேனேம்மா. நீதான டாக்டர்கிட்ட அவ்வளவு அழகா சொன்னே."

"நான் சொன்னேன் மாமா. ஆனா நான் பாக்கலயே. நீங்க சொல்லுங்க. கடைசியா என்ன ஞாபகம் இருக்கு?"

அப்பா துணியைப் பிழிந்தார். "பிரஷ்ஷ எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இவன் மூஞ்சி தெரிஞ்சுது. கத்திட்டிருந்தான்."

"நடுவுல?"

அப்பா பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தார். எனக்குத் தாங்கவில்லை. "தலைல அடிபட்டா அப்படித்தான் அண்ணி, மறந்துபோகும்" என்றேன்.

"தம்பி, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் அண்ணி. என்னிடம் அந்தக் குரலில் அவர் பேசியதே இல்லை.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்குக் காலையில் வண்டி எடுக்கப் போகிற மனிதரை இப்போது வந்து குடைகிறார். வழுக்கியது என்றால் வழுக்கியதாகவே இருக்கட்டுமே. அது வேறு ஏதோ என்று ஆனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? டாக்டர் வண்டியைத் தொடக் கூடாது என்பார். அப்புறம் இந்த மனிதர் எதற்காக எழுந்திருப்பார்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காயத்தைக் கண்டா உங்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம், வீட்டு மனுஷனும் உங்களுக்கு ஒரு கேஸ்தான் என்றுகூடச் சொன்னேன். அண்ணியின் கண் நிறைந்தது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

அப்பாதான் பேசினார். மெதுவாக, அண்ணியைப் பார்க்காமல். "வழுக்கினதாவே இருக்கட்டும்மா. நாளைக்கு வண்டி எடுக்கணும்."

அண்ணி தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவரை ஒன்றும் கேட்கவில்லை. படி ஏறி மேலே போனார். ஏதோ சரியில்லை என்று பட்டு நானும் பின்னாலேயே போனேன். எங்களுக்குப் பின்னால் அப்பா ஏறிவருகிற சத்தம் கேட்டது.

குட்டி தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். தாத்தா தூங்கறாரா, தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா என்றெல்லாம் கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

"தாத்தா வண்டில போறப்ப என்னெல்லாம் நடக்கும், சொல்லேன்" என்றார் அண்ணி.

"பாட்டு போடுவார். சண்டை போட்டா முன் சீட்டுல உக்கார வைப்பார்." பச்சை பென்சிலைத் தேடி எடுத்தாள். "அப்புறம் பச்சை விளையாட்டு."

"அது என்ன விளையாட்டு?"

"சிக்னல்ல நிப்போம்ல, பச்சை வந்துடும். ஆனா தாத்தா போக மாட்டார். கண்ணு திறந்துதான் இருக்கும், கூப்பிட்டா கேக்காது. பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிப்பாங்க. அப்ப நாங்க ஒவ்வொருத்தரா 'பச்சை'ன்னு கத்தணும். யாரு கத்தறப்ப தாத்தா கிளம்பறாரோ அவங்க ஜெயிச்சாங்க. நான் ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கேன்."

அண்ணி மகளின் தலையில் கை வைத்தார். வண்டி நின்றிருக்கும்போது நடந்ததுதான் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன நடந்திருக்கும் என்று நினைத்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அண்ணியைச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கதவருகே அப்பா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் ஒரு கருவியை ஒட்டி வைத்துப் பார்த்ததில் அவருடைய இதயம் அவ்வப்போது துடிக்க மறந்து நின்றுவிட்டுத் திரும்பத் தொடங்குவது தெரிந்தது. காறை எலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு கருவி வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் நடக்கிறார், சாயங்காலம் என் பட்டறைக்கு வந்து என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தையது, மறுநாள் காலை. சவரம் செய்து, வேன் ஓட்டும் சட்டையையே மாட்டிக்கொண்டு எங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். அதே டாக்டரம்மாதான் இருந்தார். புருவத்தைத் தொட்டுப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கே தாத்தா. இன்னைக்கு என்ன?" என்றார்.

அண்ணி உதட்டை இறுக மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று. அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். யாராவது எடுத்துக்கொடுப்பார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. ஒருவரும் கொடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் வழுக்கல டாக்டர்" என்றார். "எப்படி விழுந்தேன்னு எனக்கே தெரியல. வழுக்கிட்டீங்களான்னு கேட்டாங்க, நல்ல காரணமா இருந்துச்சு, ஆமான்னுட்டேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது?"

"சிக்னல்ல குழந்தைங்க பச்சை, பச்சைன்னு கத்துவாங்க. ஏதோ விளையாடறாங்கன்னு நினைச்சு நானும் சிரிப்பேன். நிமிந்து பாத்தா பச்சை இருக்கும். எனக்கு அது எப்பவும் அப்பத்தான் விழுந்த பச்சை." சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ தேடினார். பிறகு டாக்டரம்மாவின் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே நான் குழந்தைங்கள ஏத்த மாட்டேன். நானே சொன்னேன்னு எழுதிக்கங்கம்மா."